சுவிலாதீங்க

அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டபோது அது ஏதோ ஒரு வாளியின் பெயர் என்றுதான் நினைத்தேன்.

மிஷன் பெண்கள் விடுதியில் எனக்கு வேலை கிடைத்த புதிது. சமையல்கட்டின் சாவி என்னிடம் இருந்தது. அரிசி, பருப்பு, அமெரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த கோதுமை ரவை எல்லாவற்றையும் அளந்து கொடுப்பது என் வேலை. ஒருநாள் மதியப் பந்தி முடிந்த நேரத்தில் பின்வாசலில் ஒரு பெண் இரண்டு தகர வாளிகளோடு வந்து நின்று, "சுவில் ரெடியா பாப்பா?" என்று கேட்டார். நான் விழித்தேன். சமையற்கார அம்மா மூலையில் இருந்த மண்தொட்டியைக் காட்டினார். அரிசி கழுவிய தண்ணீர், எச்சில் சோறு, காய்த்தோல், அடிப்பிடித்த ரவை எல்லாம் அதில் மிதந்தன.

"கழனித்தண்ணியா? அப்படியே சொல்லலாமே" என்றேன்.

வாளிக்காரப் பெண்ணின் முகம் சுருங்கியது. "மாட்டுக்கு ஊத்துனா அது கழனித்தண்ணி பாப்பா. பன்னிக்கு ஊத்துனா சுவில். மதரே சொல்லிக்கிறாங்க."

அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். நெட்டையான உடம்பு. வாளி தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் ஆண்பிள்ளையுடையதுபோல அகன்றிருந்தன. அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்ட யாரையும் நான் பார்த்ததில்லை. விடுதிப் பிள்ளைகளிலிருந்து தபால்காரர் வரை எல்லாருக்கும் அவர் சுவிலக்கா.

மதர் என்று நாங்கள் அழைத்த மடத்துத் தலைவி சீமையிலிருந்து வந்தவர். பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒருநாளாவது கறி போட வேண்டும் என்று வெள்ளைப் பன்றிகளை வரவழைத்துக் கொட்டாய் போட்டவர் அவர்தான். பன்றிகளோடு அவர் ஊர்ச் சொல்லும் வந்தது. பன்றி பார்க்க ஊரில் யாரும் முன்வராதபோது அக்கா வந்தார். அவரோடு பிறந்தவர்கள் கம்பைநல்லூர்ப் பக்கம் நிலம் வைத்துப் பிழைக்கிறவர்கள். கோயிலில் முன்வரிசையில் முட்டி போடுகிற குடும்பம். அக்கா பன்றி வாளியைத் தூக்கிய நாளிலிருந்து அவர்கள் அவர் வீட்டில் கை நனைப்பதில்லை. அதைப் பற்றிக் கேட்டால், "எச்சிய அவங்க வூட்லயும்தான் கொட்டறாங்க. நான் எடுக்கறன். அவ்ளோதான வித்தியாசம்?" என்பார். சொல்லும்போது சிரிப்பார். ஆனால் அந்தப் பேச்சை நீட்டமாட்டார்.

அந்தச் சொல்லின் இன்னொரு பாதியை அவர் கற்றுக்கொண்ட கதையை அவரே எனக்குச் சொன்னார். ஒரு கோடையில் தோட்டக்காரன் பம்புசெட் குழாயில் வாயை வைத்து, மூக்கிலும் காதிலும் தண்ணீர் வழிய வழியக் குடித்துக்கொண்டிருந்தானாம். அதைப் பார்த்த மதர், முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அதில் "சுவில்" என்று அக்காவின் காதில் விழுந்தது.

"ஏன் மதர், வாளியில கெடக்கறதும் சுவில், அவன் பண்றதும் சுவிலா?"

ஆமாம், எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்றிருக்கிறார் மதர். பன்றி குடிக்கிற பொருளுக்கும் அந்தப் பெயர். பன்றி மாதிரி குடிக்கிற செயலுக்கும் அந்தப் பெயர்.

அக்காவுக்கு அது புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அவர் மனத்தில் நெடுநாளாக இருந்த ஒரு விஷயத்துக்குத் தமிழில் சரியான சொல் கிடைக்காமல் இருந்தது போலிருக்கிறது. உடனே அதைத் தமிழாக்கிவிட்டார். சுவிலறான், சுவிலுனாங்க, சுவிலாத, சுவிலிப்புட்டுப் படுத்துக்கிறான் என்று எல்லா விதத்திலும் வளைத்தார். விடுதியில் தம்ளரை அண்ணாந்து மடமடவென்று கவிழ்க்கிற பிள்ளையைப் பார்த்தால், வாளியைக் கீழே வைத்துவிட்டு, "மெல்ல கண்ணு. தண்ணி எங்கியும் ஓடிப் போவாது. சுவிலாத" என்பார். மோர்ப்பந்தலில், டீக்கடையில், கிணற்றடியில், எங்கே யார் குடித்தாலும் அவர் கண் அங்கே போகும். ஒரு ஆளைப் பற்றி விசாரித்தால் அவன் சொத்தையோ குணத்தையோ சொல்லமாட்டார். "நல்லவன்தான். ஆனா சுவிலுவான்" என்பார்.

தருமபுரியிலிருந்து பூசை வைக்க வந்த ஒரு ஃபாதர், மடத்து வராந்தாவில் உட்கார்ந்து காப்பியை உறிஞ்சிய சத்தம் தோட்டம் வரை கேட்டது. அக்கா என்னிடம் தாழ்ந்த குரலில், "ஃபாதரு சுவிலறாரு" என்றார். பின்னால் மதர் நின்றதை நாங்கள் பார்க்கவில்லை. மதர் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு சிற்றாலயத்துக்குள் ஓடிவிட்டார்.

ஆனால் எல்லாக் குடியையும் அவர் பழிக்கவில்லை. பச்சைக் குழந்தை மாரில் முட்டி முட்டிக் குடிப்பதை நான் ஒருமுறை வேண்டுமென்றே காட்டி, "இதுவும் சுவில்தானே அக்கா?" என்றேன். "சேச்சே. அது குடிக்கறது" என்று என் கையில் தட்டினார். மழையே காணாத ஒரு வருஷம் போய், வத்தல்மலைப் பக்கம் கறுத்து, திடீரென்று கொட்டியபோது, நாங்கள் இருவரும் பன்றிக் கொட்டாயின் ஓரத்தில் ஒதுங்கி நின்றோம். வெடித்துக் கிடந்த மண்ணுக்குள் தண்ணீர் சளசளவென்று இறங்கியது. அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பூமி எப்பிடி சுவிலுது பாரு பாப்பா" என்றார். பிறகு, "சுவிலட்டும். பாவம்" என்றார். அந்தச் சொல்லை அவர் மன்னித்து உபயோகித்ததை நான் கேட்டது அப்போது மட்டும்தான்.

அவருடைய வீட்டுக்காரர் கிணறு வெட்டுகிறவர். வெடி வைத்துப் பாறை உடைக்கிற வேலை. சாந்தமான மனிதர். மதுவிலக்கு இருந்த காலம் அது. ஆனாலும் மலைச்சரிவில் காய்ச்சிய சாராயம் லாரி டியூபில் அடைத்து ஊர் ஊராக வரும். வேலை முடிந்த நாளில் அவரும் கொஞ்சம் போட்டுக்கொள்வார். அதற்காக அக்கா சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சமையற்கார அம்மா ஒருநாள், "ஊருக்கே சொல்றியே, உன் வூட்டுக்காரன மொதல்ல நிறுத்தேன்" என்று குத்திக் காட்டினார்.

"குடிக்க வேணான்னு நான் யாருக்கு சொன்னன்? சுவில வேணாங்கறன்" என்றார் அக்கா. பிறகு, யாரும் கேட்காமலே, "எங்கய்யா குடிச்சி சாவல. நிறுத்தாம குடிச்சி செத்தாரு. நான்தான் கிளாஸ் எடுத்துக் குடுப்பன். சின்னப் புள்ள. கேக்கக் கேக்கக் குடுப்பன்" என்றார். அன்று தொட்டியில் இருந்ததை எப்போதையும்விட வேகமாக வாரிக்கொண்டு போய்விட்டார்.

என் அண்ணன் கல்யாணம் அதற்கு அடுத்த தை மாதம் வந்தது. எங்கள் வீடு விடுதிக்கு ஒரு மைல் தள்ளி இருந்தது. அக்காவையும் அவர் வீட்டுக்காரரையும் நான்தான் அழைத்தேன். என் தாய்மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் காலையிலேயே அவர் வந்து எல்லா வேலையையும் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். "பன்னிக்காரிய பந்தியில குந்த வெச்சா சம்மந்தி வூட்டுல என்னா நெனைப்பாங்க?" என்றார். அம்மா நடுவில் புகுந்து, அவர்கள் வேலைக்கு உதவியாக வரட்டும், கடைசிப் பந்தியில் சாப்பிடட்டும் என்று முடித்தார். அக்காவிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் அவர் முதல் நாள் சாயங்காலம் வந்தபோதே வாளியோடு பின்பக்கமாகத்தான் வந்தார். கல்யாண வீட்டுக் காய்த்தோலையும் மிச்சத்தையும் பன்றிக்கு எடுத்துப் போனார். அவர் வீட்டுக்காரர் விறகு பிளக்கவும் அண்டா தூக்கவும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

கல்யாணத்தன்று காலை பத்து மணிக்குக் கோயிலில் பூசை. மோதிரம் மாற்றி, வாடகைக் காரில் காகிதப் பூ கட்டி, பெண்ணும் மாப்பிள்ளையுமாக வீட்டு வாசலில் வந்து இறங்கும் நேரம். மேளக்காரர்கள் முழக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் ஆரத்தித் தட்டோடு நின்றேன். அப்போதுதான் அக்கா வேலியோரமாக ஓடி வந்தார். நல்ல புடவை கட்டவில்லை. ஒரு கையில் விடுதி சுவில் நிரம்பிய வாளி, பாதி வழியில் திரும்பிவிட்டவர் மாதிரி.

"சரக்கு எங்க வெச்சிக்கிறாங்க பாப்பா?"

"என்ன சரக்கு?"

"சாராயம். எங்க?"

மாட்டுக் கொட்டாயைக் காட்டினேன். அவர் போன வேகத்தில் ஏதோ இருந்தது. தட்டை அத்தையிடம் கொடுத்துவிட்டு நானும் பின்னால் போனேன்.

கொட்டாயில் வைக்கோலுக்கு நடுவே இரண்டு மண்பானைகள். சுற்றிலும் ஆண்கள். என் அப்பா, சித்தப்பா, சம்மந்தி வீட்டிலிருந்து நாலைந்து பேர், அண்ணனுடைய கூட்டாளிகள். மாமா முதல் கிளாஸை மொள்ளக் குனிந்துகொண்டிருந்தார்.

"ஊத்தாதீங்க" என்றார் அக்கா. "யாரும் வாயில வெக்காதீங்க. இதுல என்னமோ கலந்துக்குது."

அண்ணனின் கூட்டாளி ஒருவன், "சுவிலாதீங்க!" என்று அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினான். கொட்டாயே சிரித்தது. அவர் எத்தனை வருஷமாக எல்லாரிடமும் சொன்னாரோ, அத்தனையும் இப்போது அவருக்கு எதிராக நின்றது. இதுவும் வழக்கமான பல்லவி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"தமாஸ் இல்லீங்க. சாமி சத்தியமா சொல்றன். நேத்துப் பொழுதோட இந்த வூட்டு சுவிலத் தனித் தொட்டியில ஊத்துனன். அதுல சரக்கு வாட அடிச்சிது. கொண்டாந்தவன் டியூப கழுவி அடி மண்டிய அதுல கொட்டிக்கிறான் போலக்குது. பன்னிங்க ஆடிட்டுப் படுத்துக்கும்னு வுட்டுட்டன். காத்தால பாத்தா ஒண்ணு செத்துக் கெடக்குது. ஒண்ணு செவுத்துல போயிப் போயி முட்டுது. கண்ணே தெரியல அதுக்கு. மத்தத் தொட்டியில தின்னதெல்லாம் நல்லாக்குது."

"பன்னிக்கு சீக்கு வந்தா நாங்க என்னா பண்றது?" என்றார் மாமா. "மொதல்ல வெளிய போ. சம்மந்திங்க நிக்கறாங்க."

"சீக்காவும் இருக்கலாம். நான் இல்லன்னு சொல்லல. ஒருநா பொறுங்க. நாளைக்குக் குடிங்க."

அவருக்கே நிச்சயம் இல்லை. மாமா கிளாஸை மொண்டு சம்மந்தியிடம் நீட்டினார்.

அக்கா இரண்டே எட்டில் முன்னால் போய், வாளியிலிருந்த சுவிலை ஒரு பானையில் பாதியும் மற்றதில் மீதியுமாகக் கவிழ்த்தார். கோதுமை ரவையும் பூசணித்தோலும் எச்சில் பருக்கையும் நுரையோடு மேலே வந்து மிதந்தன. நாற்றம் எழுந்தது. பிறகு சம்மந்தி கையிலிருந்த கிளாஸைத் தட்டிவிட்டார்.

மாமா ஓங்கி ஓர் அறை விட்டார். அக்கா வைக்கோல் மேல் விழுந்தார். சம்மந்தி வீட்டுக்காரர்கள், இதென்ன அவமானம் என்று கத்தத் தொடங்கினார்கள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அக்காவைத் தூக்கப் போனேன். கல்யாணம் இதோடு கலைந்தது என்று எனக்குத் தோன்றியது.

சத்தம் கேட்டு அக்காவின் வீட்டுக்காரர் பின்பக்கத்திலிருந்து வந்தார். கொட்டாய்க் கம்பத்தைக் கையால் தடவிக்கொண்டு வந்தார்.

"யாரு அடிச்சது? எங்க இருக்கற நீ?" என்றார்.

அக்கா அவருக்கு நேர் எதிரே இருந்தார்.

"என்னாச்சி உனுக்கு?"

"காத்தாலேருந்து ஒரே பனிமூட்டமா இருக்குது. வயிறு வேற பொரட்டுது. நேத்து சரக்க எறக்கி வெச்சிட்டு ஒரு கிளாஸ் குடுத்தாங்க."

வெளியே உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சம்மந்தி தன் வேட்டியில் சிந்தியிருந்ததைக் குனிந்து பார்த்து, கையை வைக்கோலில் தேய்த்துத் துடைத்தார். மாமா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"நானும் நேத்து அவங்கூட குடிச்சன்" என்றார். "எனக்கும் வெளிச்சம் கண்ணக் கூசுது. பித்தம்னு நெனச்சன்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வாசலில் நின்ற காரைத் தவிர வேறு வண்டி இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் இன்னும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓடிப் போய் அண்ணனிடம் சொல்லி முடிப்பதற்குள், புது அண்ணி கதவைத் திறந்து முந்தானையை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஆரத்தி எடுக்காமல் இறங்கக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். "மொதல்ல அவங்கள ஏத்துங்க" என்றார் அண்ணி. அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

காகிதப் பூ காற்றில் பிய்ந்து பறக்க, அந்தக் கார் தருமபுரிக்கு ஓடியது. பின்சீட்டில் அக்கா நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் வீட்டுக்காரர். மறுபக்கம் அவரை அறைந்த மாமா. இரண்டு தலையும் அவர் தோளில் சாய்ந்திருந்தன. டாக்டரிடம் விவரம் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று என்னை முன்னால் ஏற்றியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, கையில் பாட்டில் ஏற்றச் சொன்னார். அதோடு, ஒரு பிராந்தி பாட்டிலை வரவழைத்து அவுன்ஸ் கிளாஸோடு அக்காவின் முன்னால் வைத்தார்.

அக்காவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "சாராயத்தால வந்த கேடுன்னுதானுங்க இங்க கூட்டியாந்தோம். நீங்களே ஊத்திக் குடுக்கச் சொல்றீங்களே!"

"இவங்க குடிச்சது விஷம்மா. இது நல்ல சரக்கு. இது உள்ள இருக்கற வரைக்கும் உடம்பு அதத் தொடாது. அது அப்படியே வெளிய போயிடும். கொஞ்சங் கொஞ்சமா, நிறுத்தாம குடுக்கணும். நர்ஸ் ஒரே ஆளா இருக்காங்க. நீங்கதான் பாத்துக் குடுக்கணும்."

"நிறுத்தாமயா?" என்றார் அக்கா. அவர் கை கிளாஸை எடுக்கவில்லை. வெகுநேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு, தானே ஊற்றினார்.

அவர் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது நல்லாக்குதே" என்று இன்னும் வாயைத் திறந்தார்.

"சுவிலாத. நாக்குல வெய்யி. முழுங்கு. இப்ப மூடு."

அடுத்த கட்டிலில் மாமா. அவருக்கும் அக்காவேதான் ஊற்றினார். மாமா குடித்துவிட்டு, கண்ணை மூடியபடி, "கை ஓங்கிட்டன் தங்கச்சி" என்றார்.

"பேசாம படுங்கண்ணா. அடுத்த அவுன்சுக்கு எழுப்பறன்."

மறுநாள் வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து விழுந்தார்கள். அதே ஆள் இறக்கிய சரக்கு. அவர்களுக்குப் பானையில் சுவில் ஊற்ற யாரும் இருக்கவில்லை. சிலர் வீடு திரும்பவே இல்லை. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கொட்டாயில் பானையைச் சுற்றி நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன. அப்பா, சித்தப்பா, சம்மந்தி. ஒருவர்கூட இங்கே இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு லேசாகி, கூடவே அழுகையும் வந்தது.

மாமாவுக்குச் சீக்கிரமே கண் தெளிந்தது. அக்காவின் வீட்டுக்காரருக்கு நாள் போயிற்று. எதிரே யார் வந்தாலும் சத்தத்தை வைத்துத்தான் சொல்வார். அக்கா அவர் விரலைப் பிடித்து விரித்து மடக்கிக்கொண்டே இருப்பார். எதுவும் கேட்கமாட்டார். ஒரு காலையில் டாக்டர் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், வீட்டுக்காரர் அக்காவின் பக்கம் திரும்பி, "குரலக் கேட்டா சின்னப் பையனாட்டம் இருக்குது. டாக்டருக்குத் தலையில ஒரு முடிகூட இல்லியே" என்றார்.

அக்கா எழுந்து நின்றார். டாக்டரின் பளபளத்த தலையைப் பார்த்தார். திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அது காதில் விழுந்த டாக்டரும் சிரித்துவிட்டார். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா சிரித்த சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது.

வீடு திரும்பிய நாளில் நான்தான் பஸ் ஏற்றிக் கூட்டி வந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அதிகம் படிக்காதவர். ஆனாலும் வழியெல்லாம் கண்ணில் பட்ட எழுத்தை ஒன்று விடாமல் வாய்விட்டுக் கூட்டிக் கூட்டிப் படித்தார். சைக்கிள் கடை. உரக்கடை. சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே எழுதியிருந்தது. மைல்கல். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவர் தோளில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, ஆஸ்பத்திரி நாட்களின் தூக்கத்தையெல்லாம் சேர்த்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. அவரும் படிப்பதை நிறுத்தவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் மூன்று பேருமாகத் திரும்பி நடந்தோம்.